கிறிஸ்துமஸ் மரமும் ஒரு கடி டேலியாக் கிழங்கும்

பச்சை டேலியாக் கிழங்கைக் கடித்தால் முதலில் வெள்ளரிப் பிஞ்சு போலத் தண்ணீராக இருக்கும், பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு மெல்ல ஏறும், கடைசியில் ஈர மண்ணின் வாசனை மூக்குவரை வந்து நின்றுகொள்ளும். ஏற்காட்டில் இந்த ருசி தெரிந்தவர்கள் என்னைத் தவிர யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. போன வாரம் என் மகன் நர்சரியிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் மரக் கன்றைத் தொட்டியோடு தூக்கிவந்து வாசலில் வைத்து, "இந்த டேலியாவப் புடுங்கிட்டு இத வெச்சிரலாமாம்மா? வருசம் பூரா பச்சையா நிக்கும், ஒரு வேலையும் இல்ல" என்று கேட்டபோது, அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தக் கசப்பு திரும்ப வந்துவிட்டது. இதே கேள்வியை அப்போது வேறொரு வீட்டு வாசலில் கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைத்ததே என்னால்தான்.

எங்கள் அப்பா வெள்ளையன், தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரர். அம்மா அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். ஐந்து வீடுகள் ஒட்டி நின்ற லைனில் கடைசி வீடு எங்களுடையது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். வேற்று ஆள் பேர் கேட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். "வாயில்லாப் பூச்சி" என்றுதான் லைனில் என்னைக் கூப்பிடுவார்கள்.

பங்களாப் படிக்கட்டுக்கு எதிரே வட்டமாக ஒரு பாத்தி இருந்தது, அதில் யாருடைய செடி நிற்பது என்று முதலாளிக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் ஓயாத வழக்கு. பங்களா அம்மாவுக்கு டேலியாதான் உயிர். சிவப்பும் ஊதாவுமாக உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும், கோடையில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு அதைத்தான் கூடையில் வைத்து அனுப்புவார். முதலாளிக்கோ, பனி காலத்தில் அந்தச் செடி கருகித் தட்டையாய்ச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தாலே ஆகாது. அடுக்கடுக்காய்க் கை நீட்டி நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று வெயிலிலும் மழையிலும் ஒரே பச்சையாய் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பாவைக் கேட்டால், "மரம் வெச்சவன் மறந்துரலாங்க, டேலியா வெச்சவன் மறக்க முடியாதுங்க" என்று இரண்டு பேருக்கும் பொதுவாய்ச் சொல்லி நழுவிவிடுவார். அது உண்மையும்தான். டேலியாவை மார்கழியில் தோண்டி, மண் உதிர்த்து, நிழலில் காயவைத்து, மாசியில் மறுபடி நட்டு, குச்சி கட்டி, நத்தை பொறுக்கி என்று வருடம் முழுக்க அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். கடைசியில் முதலாளி ஒரு தவணை கொடுத்தார். இந்த ஒரு வருடம் பூ, கண்காட்சிக்குச் சரியாய் வராவிட்டால் மரம். கன்றுகூட வாங்கி, தொட்டியில் தயாராய் நின்றது.

அந்த மார்கழியில் பங்களாக் கொட்டகை ஒழுகியது. அதனால் அப்பா கிழங்குகளைச் சாக்கில் கட்டி எங்கள் அடுப்புக்கு மேலே இருந்த "அட்டாலி"ப் பரணில் வைத்தார், புகையடித்தால் பூஞ்சை பிடிக்காது என்று. அதே அட்டாலியில், மாரமங்கலத்து மாமன் கொண்டுவந்து போட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சாக்கும் இருந்தது. எங்கள் அம்மா விடியுமுன் வேலைக்குப் போகும்போது, "மத்தியானத்துக்கு அட்டாலில இருக்கற கெழங்க அவிச்சுக்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்பு மேட்டில் ஏறிக் கைக்கு எட்டிய சாக்கை அவிழ்த்தேன். விரல் விரலாய், செம்மண் நிறத்தில், பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. அவித்தால் இனிப்பு மட்டும் இல்லை. மாமன் ஊரில் இந்த வருடம் மழை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் உப்புப் போட்டேன். வாசனைக்கு லைன் பிள்ளைகள் எல்லாம் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். பத்து நாள் அப்படியே நடந்தது. என்னைத் தேடி அத்தனை பேர் வந்தது அதுவே முதல் தடவை.

மாசி பிறந்து ஒரு காலையில், கிழங்கைக் கொண்டுவரச் சொல்லிப் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. அப்பா சாக்கை இறக்கினார். அது இறங்கிய வேகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. உதறினால் ஒரே ஒரு கிழங்கு உருண்டு வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். பின்னால் இருந்த மற்றொரு சாக்கு, மாமன் போட்ட முடிச்சு கலையாமல் கொழுத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா மூலையெல்லாம் எலிப் பொந்து தேடிக்கொண்டே, "எலி தின்னிருந்தாச் செத்தில்ல கெடக்கோணும், வெசமோ என்னமோ அது" என்று தனக்குத் தானே பேசிக்கொண்டார். என் இடுப்பில் இருந்த தம்பி சாக்கு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். அவன் முகத்தையே பார்த்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு அவித்துப் போட்டேன் என்று விரல் விட்டு எண்ணினேன்.

அப்பா சாக்கையும் அந்த ஒற்றைக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் தம்பியோடு பின்னாலேயே போனேன். பாதி வழியில் சொல்லிவிடலாம், வளைவு தாண்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்துப் படிக்கட்டே வந்துவிட்டது.

"எலி தின்னுருச்சுங்களோ என்னமோ" என்று அப்பா சொன்னதும், பங்களா அம்மா சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியது, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர்தான். "எலியாம் எலி! பக்கத்து எஸ்டேட்டுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டுப் போயேன் வெள்ளையா. கண்காட்சில அவங்க கூடைல பூ வரும்போது தெரிஞ்சுரும்."

"ஏனுங்க, நான் அப்படிச் செய்வனுங்களா?"

"அப்பச் சத்தியம் பண்ணு."

ரைட்டர் பூசையறையிலிருந்து கற்பூரம் எடுத்துவந்து, ஒரு ஓட்டுத் துண்டில் வைத்துப் படிக்கட்டின்மேல் ஏற்றினார். அங்கிருந்து பார்த்தால் சேர்வராயன் சாமி கோயில் இருக்கும் மலை உச்சி தெரியும். "அந்தச் சாமியப் பாத்து, 'நானும் எடுக்கல, என் ஊட்டு ஆளுக ஆரும் எடுக்கல'ன்னு சொல்லிக் கற்பூரத்த அணை. இல்லாட்டி இன்னைக்கே லைன் ஊட்டக் காலி பண்ணு."

முதலாளி தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் கோர்ட்டில் பொய் சொன்னாலும் சொல்வார்கள், சேர்வராயனைப் பார்த்துப் பொய் சொல்ல மாட்டார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினவனை விட்டுவிட்டு அவன் பிள்ளைகளைத்தான் அந்தச் சாமி பிடிக்கும் என்பார்கள். அப்பா தெரியாமல் செய்தாலும் அது பொய்ச் சத்தியம்தானே. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார். "நானும் எடுக்கல" என்று சொல்லிக் கையை ஓங்கினார். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றேன். காற்றுதான் வந்தது.

தம்பியைக் கீழே விட்டேன். படியில் கிடந்த அந்தக் கிழங்கை எடுத்துப் பாவாடையில் துடைத்து, எல்லோருக்கும் தெரியும்படி நறுக்கென்று கடித்தேன்.

"துப்பு கண்ணு! துப்பு!" என்று பங்களா அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். அப்பா ஓங்கிய கையால் என் தாடையைப் பிடித்து அழுத்தினார். நான் மென்று விழுங்கிவிட்டேன். விழுங்கியதும் எங்கிருந்தோ குரலும் வந்துவிட்டது.

"உப்புப் போட்டு அவிச்சா நல்லாருக்குங்க."

அம்மா என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எத்தன நாளாத் தின்னீங்க?" என்று கேட்டார்.

"பத்து நாளுங்க. லைன் புள்ளைக எல்லாருங்க."

"ஆருக்கும் ஒண்ணும் ஆகலயா?"

"தம்பிக்கு மட்டும் வயிறு ஊதுச்சுங்க."

முதலாளி சிரிக்க ஆரம்பித்தார். "பூவப் புள்ளைக தின்னுருச்சுக. என் மரத்த எவனும் அவிச்சுத் திங்க முடியாது!" என்றார். கூடச் சேர்ந்து ரொம்பச் சத்தமாய்ச் சிரித்தவர் ரைட்டர்தான். கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாகவே எரிந்து முடிந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடிபட்ட கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முளை வர்ற கழுத்த உட்டுட்டுத்தான் கடிச்சிருக்குது. தோட்டக்காரன் மகளாச்சே. நீயே வெச்சுக்க வெள்ளையா" என்று அப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலமே வட்டப் பாத்தியில் அப்பா குழி தோண்டி மரக் கன்றை நட்டார். திரும்பி வரும் வழியில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. லைன் கண்ணுக்குத் தெரிந்ததும், "கசந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் அம்மாதான் விஷயம் கேட்டு, "பங்களாப் பூவையே கொழம்பு வெக்கற சமையக்காரியப் பெத்துட்டேன்" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தக் கடிவாயில் அடுப்புச் சாம்பலை அப்பி, நிழலில் காயவைத்து, வீட்டுக்குப் பின்னால் நட்டார். முளைத்தது, ஊதா நிறம்.

ஒவ்வொரு கோடையிலும் முதல் பூவை என்னிடம் கொடுத்துப் பங்களாவுக்கு அனுப்புவார். நான் அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். மரமோ யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோது ஜன்னல் உயரம், மகன் பிறந்தபோது ஓட்டுக்கு மேலே. அதன் அடியில் புல்கூட முளைக்கவில்லை. முன்னறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. பங்களா அம்மா தன் நாற்காலியைப் பின்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார் என்று அப்பா சொன்னார். அதன்பின் படிக்கட்டில் வைத்த பூவை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது அவர்கள் யாரும் இல்லை, அப்பாவும் இல்லை. லைன் வீடுகள் இருந்த இடத்தில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. பங்களா, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஆகிவிட்டது. வேர் சுவரைப் பிளந்துவிட்டது என்று போன மழையில் அந்த மரத்தையும் அறுத்துவிட்டார்கள். வட்டப் பாத்தியில் சிமெண்டு பூசி, அதன்மேல் கார் நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் இருந்ததில் மிச்சம் என் வாசலில் நிற்கும் இந்த ஊதா டேலியாதான். அன்றைக்கு நான் கடித்த கிழங்கிலிருந்து வருடா வருடம் பிரித்துப் பிரித்து நட்டு வந்தது.

மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உன் மரத்துக்கு ஆள் வேண்டாம் சாமி, எப்ப வெச்சாலும் நிக்கும். இதுக்கு ஆள் வேணும். நான் இருக்கற வரைக்கும் இது இருக்கட்டும், அப்பறம் உன் மரத்த வெச்சுக்க" என்றேன். அவன் தொட்டியைத் தூக்கிக் குழாயடியில் வைத்தான். அது அங்கேயேதான் இருக்கிறது. காலையில் டேலியாவுக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் வருகிறேன்.