மூன்று மூன்றாய் இலை விடும் மல்லி

எங்கள் தோட்டச் சங்கத்தில் மாதம் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தைத் திறந்துவிடுவார். வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக்கூடாது, ஒரு பதியனாவது வாங்கிப் போக வேண்டும். போன மாதக் கடைசி ஞாயிறு, கிள்ளானைத் தாண்டி இருக்கும் காப்பாரில் சரோஜா அக்கா வீட்டு முறை.

அவர் கணவர் மணியம் அண்ணன் இறந்து எட்டு மாதமாகிறது. அடுத்த மாதமே வெள்ளம் வந்து அவர் வளர்த்த அடுக்கு மல்லி, எழுதிவைத்த நோட்டுகள், படங்கள் எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டது. "அவர்கிட்ட மல்லி வாங்கினவங்க யாராச்சும் ஒரு கிளை கொண்டாங்க" என்று அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.

வாங்கியவர்களில் நானும் ஒருவன். பத்து நாள் பினாங்கு சுற்றப் போய்த் தண்ணீரில்லாமல் அதைச் சாகடித்தவனும் நான்தான். சொல்ல வெட்கம். சாலையோர நர்சரியில் பதினைந்து ரிங்கிட்டுக்கு ஒரு மல்லி வாங்கினேன். செத்த செடியின் தொட்டியில் கிடந்த, அண்ணன் எழுதிக் கொடுத்த பெயர்ப்பட்டையை அதில் செருகினேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. 8.10 கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து காப்பாருக்கு கிராப் வாடகைக் கார், பதினேழு ரிங்கிட், இருபத்தைந்து நிமிடம்.

"பாஸ், மண்ணு கொட்டாம பாத்துக்குங்க லா. வீட்டுல வைக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே, ஒருத்தவங்களோடது. திருப்பிக் கொடுக்கப் போறேன்" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

அக்கா வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளத்தின் கறை இன்னும் இருந்தது. அதன் கீழே புதிதாக வைத்த கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை. கேட் ஓரம் மல்லிக்கென்று ஒரு குழி மட்டும் வெட்டி, எருப் போட்டுக் காலியாக வைத்திருந்தார்.

அக்கா தொட்டியை வாங்கிக் கணுவைத் தொட்டுப் பார்த்தார். "இது ரெண்டு ரெண்டா இலை விடுது தம்பி. அவரோடது மூணு மூணா விடும்."

சங்கத்தில் இருந்துகொண்டு அதைக்கூட நான் கவனித்ததில்லை. உண்மையைச் சொன்னேன். "மன்னிச்சிருங்கக்கா. செத்துப்போச்சு. கடையில வாங்கினது."

அக்கா பட்டையை உருவிச் சட்டை நுனியில் துடைத்தார். ஐஸ்கிரீம் டப்பாவில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டு. மார்க்கர் வெயிலில் வெளுத்துவிடும் என்று அண்ணன் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். 'அடுக்கு மல்லி, ரவிக்கு' என்று என் பெயரோடு எழுதியது அழியாமல் இருந்தது.

"அவர் கையெழுத்துன்னு வீட்டுல ஒண்ணுமே மிச்சமில்ல தம்பி. இத நான் வச்சுக்கவா?"

தலையாட்டினேன்.

நான் கொண்டுபோன மல்லியையே அந்தக் குழியில் நட்டார். பட்டை உள்ளே சாமி மாடத்துக்குப் போனது. கிளம்பும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்று தந்தார். ஒரு பிளாஸ்டிக் துண்டை வெட்டிப் பென்சிலை எடுத்தார். "எப்பவும் அவர்தான் எழுதுவாரு" என்றார். பிறகு கோணல்மாணலாக என் பெயரை எழுதினார்.

இப்படித் தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. கொசு மருந்தும் ஒரு சின்னத் தொட்டியும் கொண்டுபோங்கள். வெளியூர் போகும்போது செடியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அப்படியும் செத்துப்போனால் கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். பட்டையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.