கட்லாவுக்கு எடுத்துக் கொடுத்த ராடு

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. ஆணி, கயிறு, பூட்டோடு தூண்டில் சாமான்களும் விற்றோம். என் கணவர் முதுகுவலியில் படுத்த வருஷம் நான் கடையில் உட்கார ஆரம்பித்தேன். அவர் குணமாகி வந்த பிறகும் நான் எழுந்து போகவில்லை.

ஆள் வராத மதியங்களில் ஒவ்வொரு தூண்டில் ராடிலும் நைலான் நரம்பைக் கோத்து, தண்ணீர் நிரப்பிய சொம்பைக் கட்டித் தூக்கிப் பார்ப்பேன். எது நுனியில் மட்டும் வளைகிறது, எது அடிவரை வளைகிறது, எது வளையவே மறுக்கிறது என்று கைக்குப் பழகிவிட்டது. வாங்கிப் போகிறவர்களிடம், திரும்பி வந்து நடந்ததைச் சொல்லச் சொல்வேன். ஜிலேபி மீனுக்கு மெல்லிய ராடும் சின்ன ரீலும் போதும். அது இரையைத் தொடுவதே கைக்குத் தெரியவேண்டும். விரால் கொடிக்குள் பதுங்கும், கவ்விய உடனே வெளியே இழுத்தாகவேண்டும். அதற்கு விறைப்பான ராடு, தடித்த நரம்பு.

ஒரு நாள் கரும்பு லாரி ஓட்டும் ஒருவர் கோபமாக வந்து, வாங்கிய ராடை என் கணவர் முன்னால் போட்டார்.

“இன்னா பாய் ராடு குடுத்தீங்க? மூணு தபா கட்லா மாட்டுச்சு. மூணு தபாவும் பிச்சிக்கினு போயிடுச்சு!”

நான் எடுத்துப் பார்த்தேன். விரால் ராடு.

“ராடு மேல தப்பில்லீங்க. கட்லாவுக்கு வாய் மெத்துனு இருக்கும். இத்தால வெடுக்குனு இழுத்தா கிழிஞ்சிடும்” என்று சொல்லி, அடிவரை வளையும் நீளமான ராடையும், நரம்பு ஜாஸ்தி பிடிக்கும் பெரிய ரீலையும் எடுத்து வைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “கடைக்குள்ளயே குந்திக்கினு இருக்கறவங்களுக்கு மீனப் பத்தி இன்னா பாய் தெரியும்? புடிச்சிக் காட்டச் சொல்லுங்க, வாங்கிக்கிறேன்.”

“வெள்ளிக்கெழம கடை லீவு. வரோம்” என்றேன்.

கணவர் திகைத்துப் போனார். கச்சிராயபாளையத்தில் அம்மா வீட்டுப் பக்கத்து வாய்க்காலில் நான் ஜிலேபிதான் பிடித்திருக்கிறேன். கட்லாவைச் சந்தையில்தான் பார்த்திருக்கிறேன்.

தொழுகை முடிந்து கணவர் வந்ததும், அதே நீள ராடோடு கச்சிராயபாளையம் அணைக்குக் கீழே ஆற்று மடுவுக்குப் போனோம். லாரிக்காரர் காத்திருந்தார். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து உருட்டி முள்ளில் வைத்து வீசினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று தக்கை முழுகியது. ரீல் கிர்ரென்று சுற்றி நரம்பு ஓடியது.

“ரீலு திருக இறுக்குங்க பாயம்மா! போயிடும்!” என்று லாரிக்காரர் கத்தினார்.

நான் இறுக்கவில்லை. ஓட விட்டேன். அது நின்றபோது சுற்றினேன். மறுபடி ஓடியது, மறுபடி விட்டேன். தோள் கடுத்தது, புர்கா முழங்கால்வரை நனைந்தது. கடைசியில் அது கரையோரம் வந்து வயிற்றைக் காட்டித் திரும்பியது. கணவர் தண்ணீரில் இறங்கிக் கைவலையால் அள்ளினார். மீன் என் கை நீளம் இருந்தது.

லாரிக்காரர் மீனையும் ரீலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதே ராடு, இதே ரீலு எனக்குக் குடுங்க பாயம்மா” என்றார்.

அதற்குப் பிறகு வடக்கனந்தலிலிருந்தும் மலையிலிருந்தும் ஆட்கள் வந்து, “அம்மா இருக்காங்களா?” என்று கேட்பார்கள்.

“செத்த குந்துங்க, வருவாங்க. எந்த மீனுக்குனு யோசிச்சி வெச்சிக்கோங்க. அதத்தான் மொதல்ல கேப்பாங்க” என்பார் என் கணவர்.

உள்ளே இருந்து இதைக் கேட்டால் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் வெளியே வருவேன். அவர் இன்னொரு முறை சொல்லட்டுமே என்றுதான்.