அருந்ததியின் கடைசிக் கண்ணாடி

அளவெட்டியில் அருந்ததியைத் தெரியாதவர்கள் இல்லை. பகலில் பல்கலைக்கழக பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை. வீட்டுப் பின்னறையில் இன்னொரு வேலை. சூரியனின் புற ஊதா ஒளியிலிருந்து மயிரிழை அகலப் பட்டையொன்றை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டி செய்கிறாள். அந்த ஒளியில் பார்த்தால் சூரியனின் முகமே வேறு என்பாள். அதிர்வு ஏறாதபடி மோட்டார் சைக்கிள் டியூப்களுக்குக் காற்றடித்து, மேலே சீமெந்துப் பலகை போட்டு, அதன்மேல் ஜெலட்டின் பூசிய கண்ணாடி. இரண்டு லேசர் கதிர்கள் அதில் சந்தித்து, வடிகட்டியாகும் ஹோலோகிராம் பதியும்வரை எதுவும் அசையக்கூடாது. ஒரு தும்மல் போதும், எல்லாம் பாழ்!

பக்கத்து வீட்டில் யாரென்று நினைக்கிறீர்கள்? தவில்காரர் ஏரம்பு. அவர் அடித்தால் அலுமாரிக் கதவே ஆடும். தயங்கித் தயங்கித்தான் போய்க் கேட்டாள். மனுசன் உடனே நிறுத்தியதோடு, ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்கெல்லாம் சத்தம் போடவேண்டாமென்று சொல்லியும் வைத்தார். வந்தது வினை! அத்தனை சனமும் அருந்ததியின் முற்றத்தில் கூடிவிட்டது. காலடி அதிர்விலேயே கண்ணாடி கெட்டது.

"ஏன் இஞ்சை வந்தனீங்கள்?" என்று சீறினாள்.

"நாயள் குலைச்சுச் சத்தம் போடாமல் பாக்கத்தானே பிள்ளை வந்தனாங்கள்," என்றார்கள்.

சிரிப்பதா, அழுவதா? மிச்சம் ஒரேயொரு கண்ணாடி. அந்த வகை இனி வராது என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் இவ்வளவு நாள் பட்ட பாடும் வீண்.

ஏரம்புவின் முகம் வாடிவிட்டது. "பிழை என்னிலைதான் பிள்ளை. நாளைக்குப் பின்னேரம் பிள்ளையார் கோயிலிலை தனித்தவில் எண்டு சொல்லிவிடுறன். ஒருத்தரும் வீட்டிலை நிக்கமாட்டினம். நீ உன்ரை அலுவலைப் பார்."

தனித்தவில் என்றால் அளவெட்டியில் கேட்க வேண்டுமா! மறுநாள் ஊரின் அடுத்த கோடியிலிருக்கும் கோயிலில் எள் விழ இடமில்லை. ஒழுங்கையில் ஈ காக்கை இல்லை. அருந்ததி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவெடுத்தாள். கழுவினாள், உலர்த்தினாள், நிறமாலைமானியில் வைத்தாள். திரையில் ஒரேயொரு கோடு, ஊசிபோல, அவள் கேட்ட இடத்திலேயே! துள்ளினாள். பிறகு குந்தியிருந்து அழுதாள். அவ்வளவு சந்தோசம்.

கதவைத் திறந்தபோது இருட்டி வெகு நேரமாகியிருந்தது. தூரத்தில் தவில் கேட்டது. இன்னுமா? முடிந்துவிட்டதென்று அவள் சொல்லி அனுப்பவே இல்லை! அடக் கடவுளே, மனுசன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறார்.

செருப்பும் போடாமல் ஓடினாள். ஏரம்புவின் உடம்பெல்லாம் வியர்வை, விரல்கள் வீங்கியிருந்தன. அவளைக் கண்டதும் அடியை விடாமலே, என்ன மாதிரி என்று தலையை அசைத்துக் கேட்டார்.

"சரிவந்திட்டுது அண்ணை!" என்று சனத்துக்கு மேலால் கத்தினாள்.

அவர் கடைசிச் சுற்றையும் குறைவில்லாமல் அடித்து முடித்தார். "அப்ப இனி இறக்கலாம்," என்று தவிலை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.