தறி நின்ற நாளில் எடுத்த பிக்

முதலில் வாங்கிய பிக் மெல்லியது. கிட்டார் கம்பியை மீட்டும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டைத்தான் சொல்கிறேன். காகிதம் மாதிரி வளையும். எங்கள் வீட்டில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியாது. நாங்கள் முசரவாக்கத்திலிருந்து வந்து காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் குடியேறியவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தறி ஓடும். பக்கத்து வீட்டு அண்ணா உட்கார்ந்து நெய்வார், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி பக்கத்தில் நின்று சேலைக் கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் கட்டை, தள்ளுவார்.

அந்தச் சத்தத்தை ஜெயிக்கத்தான் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் முரட்டு பிக் ஒன்று வாங்கினேன். நுனி கம்பியில் சிக்கியது. வாசல் சிமெண்டில் தேய்த்து மழுக்கினேன். நுனி மட்டும் தெரிய இறுக்கிப் பிடித்து அடித்தால் தறியைத் தாண்டிக் கேட்கும்.

"இன்னாபா, கம்பிய அறுத்துட்டுத்தான் உடுவியா? பாட்டு எப்ப வரும்?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கத்துவார்.

"மொதல்ல உங்க தறிய நிறுத்துங்கக்கா, அப்புறம் தெரியும்!"

ஒரு காலையில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அக்காவைப் பகலில் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தார்கள். தெருவில் சாவு விழுந்தால் எடுக்கும்வரை யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். எனக்கோ மறுநாள் காலேஜ் பேண்டுக்கு செலக்சன். "கிட்டார தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா சாவு வீட்டுக்குப் போனார்.

கதவைச் சாத்தினேன். ஃபேனைப் போட்டேன். முரட்டு பிக்கை ஒதுக்கிவிட்டு மெல்லியதை எடுத்தேன். அதில் வாசித்தால் எனக்கே சரியாகக் கேட்காது, இத்தனை நாள் அனுபவம். அந்த அனுபவம் முழுக்கத் தறி ஓடிய நாட்களுடையது என்பது மண்டையில் ஏறவே இல்லை.

இரண்டாவது பாட்டில் அம்மா ஓடிவந்தார். "கேக்குதுடா! அழுதுக்கினு இருந்தவங்கல்லாம் நிறுத்திட்டு சுவத்தையே பாக்குறாங்க. நான் எங்கடா மூஞ்ச வச்சிக்கறது?"

போனேன். வாசலிலேயே அக்காவின் தம்பி மறித்தார். "வாபா. கச்சேரி முடிஞ்சிதா?"

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அண்ணா தலையைத் தூக்கினார். "உடு மச்சான். நாளைக்கு அவனுக்கு ஏதோ செலக்சன். உங்கக்காதான் சொல்லிக்கினு இருந்தா." பிறகு என்னிடம், "அங்க போயி வாசிபா. இங்க வேணாம்."

மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவர் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

சாயங்காலம் எடுக்கும்வரை அங்கேயே நின்றேன். மறுநாள் சென்னைக்குப் போய் வாசித்தேன். செலக்ட் ஆனேன். அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. 'இங்க வேணாம்' என்றது அன்றைக்கு மட்டுமா, இனி எப்போதுமேவா? தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. காரியம் முடிந்து பக்கத்தில் தறி ஓட ஆரம்பித்த பிறகும் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவில்லை.

ஒருநாள் தெருக்குழாயடியில் அண்ணாவே கேட்டார். "இன்னாபா, சத்தத்தையே காணோம்?"

"நீங்க வேணாம்னு சொன்னீங்கண்ணா."

குடம் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. "அது அன்னிக்கு சொன்னது. தறி ஓடும்போது வாசி. நான் நிறுத்துனா நீயும் நிறுத்திடணும். முடியுமா?"

"முடியும்ணா."

இப்போது நடுத்தரக் கனத்தில் ஒரு பிக் வைத்திருக்கிறேன். முரட்டு பிக்கால் அடித்தால் தறி நிற்பது எனக்குக் கேட்காது. அக்கா தள்ளிய கரை நாடாவையும் இப்போது அண்ணாவே எழுந்து போய்த் தள்ளுகிறார் போல. தறி அடிக்கடி நின்றுவிடுகிறது. பாதிப் பாட்டில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நேரம் அது மறுபடி ஓட வெகு நேரமாகிறது.