இருபத்து மூன்றாம் கோடு

சங்கையாவை அவன் முதலாளி ஒருநாளும் திட்டியதில்லை. சிவகாசி அச்சகங்களில் இது சாதாரண மரியாதை அல்ல. பட்டாசுக் கட்டில் ஒட்டுகிற லேபிளுக்கு, நிறத்துக்கு ஓர் அச்சுக்கல்லாகப் பிரித்து, அந்தக் கல்லின்மேல் மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து வரைவது அவன் வேலை. எட்டு நிறம் என்றால் எட்டுக் கல். ஒரு புள்ளி பிசகினால் அவனுக்கு அன்று சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு பங்குனியில் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் கடல்மீன் படம் போட்ட லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தார். முந்தின வருஷம் வேறு எங்கோ அச்சடித்து வாங்கிய மீன், காய்ச்சல் கண்ட கிளி போல இருந்ததாம். "உசுரோட இருக்கிற மீனுக்குப் பக்கத்துல வெச்சுத்தானுங்க உங்க படத்தைப் பார்ப்பேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். செத்த மீனில் அரைமணி நேரம்கூட நிறம் நிற்காது என்பது அவருக்கும் தெரியும்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற பீர் முகைதீனிடம் சொல்லி, ஆறு வண்ணாத்தி மீன்களும் டின் டின்னாகக் கடல்தண்ணீரும் லாரியில் வந்து சேர்ந்தன. அச்சகத்துத் திராவக நெடியில் மீன் தாங்காது என்று, திருத்தங்கலில் சங்கையாவின் வீட்டிலேயே எட்டுக் குடம் பிடிக்கிற கண்ணாடித் தொட்டியை வைத்தார்கள். சைக்கிள் டியூபில் காற்றடைத்து, மெல்லிய குழாய் வழியே தண்ணீருக்குள் விட்டான். மீன்களின் மஞ்சளைப் பார்த்து அவன் மனைவி குருவம்மாள், "வெயிலைக் கரைச்சு ஊத்துன மாதிரியில்ல இருக்கு" என்றாள். அந்த மஞ்சளை அன்றைக்கே தாளில் பிடித்துவிட்டான்.

தண்ணீரில் உப்பு சரியாக இருக்க வேண்டும் என்று டின் கொண்டுவந்தவன் சொல்லியிருந்தான். அளப்பது எப்படி? பால் டெப்போவில் பால் சோதிக்கிற பலவேசத்திடம் பால்மானி இருந்தது. அடியில் குண்டும் மேலே கோடுபோட்ட தண்டும் உள்ள கண்ணாடிக் குழல். அதை இரவல் வாங்கி மிதக்கவிட்டான். இருபத்து மூன்றாம் கோட்டில் நின்றது.

பலவேசம் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான். "ஏலே, குழலு எளும்பி நிக்கணும்லே. இருவத்தாறுக்குக் கீழ போனா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். உன்னைய நல்லா ஏமாத்திட்டான்."

பாலுக்கு அது சரி. வருஷக்கணக்காகப் பால்காரர்களின் திருட்டைப் பிடித்துப் பிடித்து, உலகத்தில் மிதக்கிறதெல்லாம் பாலில்தான் மிதக்கிறது என்று பலவேசம் நம்பிவிட்டான். சங்கையாவும் நம்பினான். கடல்தண்ணீரில் அந்தத் துலுக்கன் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டான் என்று வயிறெரிந்து, கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, நல்ல பாலுக்குரிய இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

மூன்றாம் நாள் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. இன்னும் உப்பு போதவில்லை என்று நினைத்தான். அடுத்தது செத்தபோது இன்னொரு பிடி. செத்த ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பிடி உப்பு போட்டான் அந்தப் பாவி. சித்திரை வெயில் தன் பங்குக்குத் தண்ணீரைக் குடித்து உப்பை விட்டுவிட்டுப் போனது. ஒரே ஒரு மீன் மிஞ்சியபோது குழல் முப்பத்தொன்றில் கம்பீரமாக நின்றது. "மீனெல்லாம் எப்படி இருக்கு?" என்று முதலாளி கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கு முதலாளி" என்றான்.

வியாபாரி வர ஐந்து நாள் இருக்கையில், பீர் முகைதீனை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று பால்மானியை வேட்டியில் சுருட்டிக்கொண்டு சாத்தூர் போய்த் தூத்துக்குடி பஸ் ஏறினான். கடற்கரையில் அவன் கத்தி முடிக்கும்வரை பீர் முகைதீன் வலையை உதறிக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பளவு நீரில் இறங்கி, ஒரு வாளி மொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"இதுல போட்டுப் பாருங்க."

குழல் இரண்டு தரம் ஆடி நின்றது. இருபத்து மூன்று.

"கடல்ல எவன்யா தண்ணி கலப்பான்?" என்றார் பீர் முகைதீன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட சங்கையாவுக்குத் தேவலை என்றிருக்கும். ஐந்து மீனையும் தன் கையாலேயே கொன்றிருக்கிறோம் என்பது அந்த ஈர மணலில் வைத்துத்தான் அவனுக்கு உறைத்தது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

"நல்ல தண்ணி ஊத்தி மெள்ள இறக்குங்க. ஒரே நாள்ல இறக்கினீகன்னா இதுவும் போயிரும்."

நாளுக்கு இரண்டு கோடு. நாலு நாள். தினமும் தொட்டியிலிருந்து அரைக் குடம் எடுத்து, அரைக் குடம் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டுக் கிணற்றில் இருந்தது உப்புக் கரிக்கிற சவர்த்தண்ணீர். அதை ஊற்றி இன்னொரு சந்தேகத்தை உள்ளே விட அவனுக்குத் துணிவில்லை. நல்ல தண்ணீர் ஒரு மைல் தள்ளித் தோட்டத்துக் கிணற்றில். அந்தக் கோடையில் வீட்டுக்கு ஒரு குடம்தான் அங்கே இறைக்க விடுவார்கள்.

"குடிக்கிற தண்ணிய மீனுக்கு ஊத்துறீகளே, இது அடுக்குமா?" என்றாள் குருவம்மாள். சொன்னவளே குடத்தைச் சாய்த்தும் கொடுத்தாள். அந்த நாலு நாளும் அவள் சவர்த்தண்ணீரில்தான் உலை வைத்தாள்.

இப்போதுதான் அவன் அளக்கக் கற்றான். உச்சிவெயிலில் தண்ணீர் சூடேறினால் குழல் அமுங்கிப் பொய் சொல்கிறது என்று கண்டு, விடியலில் மட்டும் பார்த்தான். தண்டில் பூத்த உப்பைத் துடைத்தான். ஒட்டிய காற்றுக் குமிழ்களை விரலால் தட்டி உதிர்த்தான். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, ஓரத்தில் ஏறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டுக் கோட்டைப் படித்தான். இருபத்தொன்பது. இருபத்தேழு. மீன் மூலையில் அசையாமல் நின்றது. ஒவ்வொரு சொம்பு ஊற்றும்போதும் அதன் செவுள் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இவன் மூச்சு விட்டான். இருபத்தைந்து. ஐந்தாம் நாள் விடியலில் இருபத்து மூன்று. மீன் உயிரோடு இருந்தது.

ஆனால் மஞ்சள் போயிருந்தது. பழைய வைக்கோல் நிறத்தில் ஒரு மீன் நின்றது.

காலை பத்து மணிக்கு முதலாளியும் வியாபாரியும் வந்தார்கள். ஒற்றை மீனைப் பார்த்து முதலாளி புருவத்தை உயர்த்தினார். வியாபாரி அச்சுத்தாளைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, மீனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மஞ்சள் எங்கிருந்துங்க வந்துச்சு? மீனுல இல்லையே. பார்த்து வரையச் சொன்னா, மனசுக்குத் தோணினதை அடிச்சு வெச்சிருக்கீங்க."

மஞ்சள் கல்லை மாற்றி வரைய நாலு நாள் போதும். 'சரிங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் தன் வாழ்நாளில் அவன் வைத்த புள்ளிகளிலேயே உண்மையான புள்ளிகள் அவை.

"படம் பொய்யில்லீங்க. மீனைத்தான் நான் கெடுத்துட்டேன். உப்பைக் கூட்டிப்போட்டு அஞ்சைக் கொன்னுட்டேன். இதுவும் சாகக் கிடந்துச்சு. அதான் நெறம் வெளுத்துட்டு. வந்தன்னைக்கு இந்த மஞ்சள்தான் இருந்துச்சுங்க."

வியாபாரி பேனாவை எடுத்து அச்சுத்தாளில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி தெருவில் இறங்கிய பிறகுதான் பேசினார். "செத்ததை ஒரு மாசமா மறைச்சவன், நாளைக்குக் கல்லு உடைஞ்சாலும் மறைப்ப. பேனாவ வெச்சிட்டு நாளையிலருந்து தேய்க்கிற கொட்டகைக்குப் போலே."

லேபிள் லட்சக்கணக்கில் ஓடி, ஆடி மாதம் ஆர்டர் முடிந்தது. முடிந்த கல்லை மணல் போட்டுத் தேய்த்து, படத்தை அழித்து, அடுத்த படத்துக்கு வழுவழுப்பாக்குவது கொட்டகை வேலை. ஆர்டர் முடிந்த மறுநாள் விடியலில் தொட்டியருகே குருவம்மாள், "இங்கன வாங்களேன், வெயிலு திரும்ப வந்துட்டு" என்று கூப்பிட்டாள். மீனின் உடம்பெல்லாம் பழைய மஞ்சள். சங்கையா குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். மஞ்சள் கல் வந்திருந்தது. மணலைத் தூவி, தண்ணீரைத் தெளித்து, வால் பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தான்.