சாகாத மகளுக்கு அஞ்சலி போஸ்டர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும் கம்ப்யூட்டர்லயே அடிச்சு, படம் சேர்த்து, பிரிண்ட் போட்டுத் தருவேன். அன்னைக்கு நிலக்கோட்டைப் பூ விவசாயி ஒருத்தர் மகளோட படத்தை நீட்டி, அஞ்சலி போஸ்டர் கேட்டார்.

"பாப்பா என்னைக்குண்ணே தவறுச்சு?"

"சாகல. வேற சாதிக்காரனக் கட்டிக்கிட்டா. அந்தக் கல்யாணத் தேதியவே மறைவுன்னு போடு அப்பு."

அவர் சொன்னபடியே அடிச்சேன். தப்பு இருக்கான்னு பார்க்கச் சொல்லி ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். செத்த நேரம் உத்துப் பார்த்தார்.

"பேருக்குப் பின்னாடி பி.காம். விட்டுப்போச்சே. அம்புட்டுக் கஷ்டப்பட்டுல்ல படிக்க வச்சேன்!"

முடியாதுன்னு சொல்லத் துப்பில்லாத நான், அந்த பி.காமைக் கொஞ்சம் பெருசாவே போட்டுக் குடுத்தேன்.