மணி இரண்டு இருபத்திரண்டு

ஹொன்மா டெட்சுவோ எதிர்க் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். என் சமையலறை ஜன்னலில் நின்றால் நேரே அவருடைய பால்கனி. பதினெட்டு வருடம் அப்படி இருந்தும், அவர் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அவர் இறந்த பிறகுதான்.

ரொட்டித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இரவு வேலை. பகலில் தூக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் ஓய்வு பெற்ற வருடம் கடைத்தெருவில் ஒரு கரோக்கி பார் திறந்து எட்டே மாதத்தில் மூடினார்கள். திறப்பு விழாவுக்கு வந்த வண்ணத்துப்பூச்சி ஆர்க்கிட் தொட்டி, வாழ்த்துப் பலகையோடு குப்பை போடும் இடத்தில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பூவெல்லாம் உதிர்ந்துபோச்சு. இதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குக்கூடத்தான் முடி உதிர்ந்துபோச்சு. என்னை யாரும் குப்பையில போடலையே" என்றார்.

அந்தச் செடிக்கு வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. முதல் கோடையில் ஒரு நாள் திரையை மூடாமல் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது ஓர் இலை வெளுத்துக் காகிதம்போல் ஆகியிருந்தது. அதன் பிறகு ஜன்னலின் வலைத்திரையை அவர் விலக்கவே இல்லை. கோடையில் தொட்டி அறைக்குள்ளே தள்ளி இருக்கும். மரங்களின் இலைகள் சிவக்கும் இலையுதிர் காலத்தில் ஜன்னலை ஒட்டி வரும். குளிர்காலத்தில் மேற்கே இருக்கும் பதினாலு மாடிக் கட்டிடம் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அவருடைய வெயிலை மறைத்துவிடும். நிழல் ஜன்னலைத் தொட்டதும் செடிக்கு மேலே விளக்கைப் போடுவார். ஏழு மணிக்கு அணைப்பார். இரண்டாம் வருடத்திலிருந்து அது தவறாமல் பூத்தது.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒருவர் இறந்து, இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சங்கத்தில் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். தனியாக இருப்பவர்கள் காலையில் திரையைத் திறக்க வேண்டும். எதிரே இருப்பவர் அதைப் பார்த்து, பார்த்த நேரத்தை ஒரு தாளில் எழுத வேண்டும். ஹொன்மாவைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"திரையைத் திறக்க மாட்டேன்னு சொன்னீங்களாமே" என்றார் சங்கத் தலைவர் சுகாடா, ஹொன்மாவிடம். "உள்ளே யாரு, புதுப் பொண்டாட்டியா?"

"பொண்டாட்டியா இருந்தா திறந்தே காட்டியிருப்பேன். இது செடி. கருகிடும்."

கோடையில் பால்கனியில் ஒரு சிவப்புத் துண்டு, குளிர்காலத்தில் விளக்கு என்று அவரே சொன்னார். சுகாடா ஒத்துக்கொண்டார். கூட்டம் முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் ஹொன்மா என்னை நிறுத்தினார்.

"மியோஷி சான், மூணு நாள். அதுக்கு மேல என்னைக் கிடக்க விட்டுடாதீங்க. மத்தபடி எப்ப போனாலும் சரிதான்."

"மூணு நாள் எதுக்கு? மறுநாளே வந்து கதவை இடிப்பேன்."

"இடிக்க வேணாம். வீட்டுக்காரனுக்குக் கதவுக்கு வேற அழணும்."

போன நவம்பரில் இடுப்பு வலிக்காக அவர் வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு நாள் கடையிலிருந்து வரும்போது பையைத் திறந்து காட்டினார். விளக்குக்கு டைமர்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் உக்காந்து நிழல் எப்ப வருதுன்னு பார்த்து நேரத்தை மாத்திடுவேன். மத்த நாள் நான் இருந்தாலும் இல்லாட்டியும் அது பாட்டுக்கு எரியும்."

"எனக்கும் நல்லதாப்போச்சு. கரெக்டா அந்த நேரத்துக்கு ஜன்னல்ல நின்னாப் போதும்" என்றேன்.

இருவருமே அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிப்ரவரி நான்காம் தேதி, ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் எல்லோரும் படிக்கட்டுகளைப் பெருக்குவோம். ஹொன்மா வரவில்லை. இரண்டு இருபத்திரண்டுக்கு அவர் விளக்கு எரிந்தது.

"பாருங்க" என்றார் சுகாடா. "விளக்கு போடக் கை வருது. துடைப்பம் பிடிக்கத்தான் வரலை."

நானும் சிரித்தேன். பிறகு மேலே பார்த்தேன். ஜன்னல் முழுக்க வெயில். நிழல் இன்னும் கார் நிறுத்துமிடத்தில்தான் இருந்தது. அவர் ஜன்னலுக்கு வர இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். வெயிலில் அவர் ஒருபோதும் விளக்கைப் போட்டதில்லை.

குளியலறை வாசலில் கிடந்தார். சங்கத்திடமிருந்த சாவியால் திறந்து முதலில் உள்ளே போனது சுகாடாவும் நானும். பிறகு வந்த போலீஸ்காரர் இளைஞர். வெளியே படிக்கட்டில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"விழுந்தவுடனே போகலைம்மா. துண்டை இழுத்துத் தலைக்கு வச்சிருக்காரு. ஒரு நாளோ, ரெண்டு நாளோ இருந்திருப்பாரு. சொந்தக்காரங்ககிட்ட இதைச் சொல்லணும்னு இல்ல."

சாதோ தீவிலிருந்து அவருடைய தங்கை கசுயோ வந்தார். எழுபது வயது. தகனம் முடிந்து என் வீட்டில் உட்கார்ந்தோம். இறப்புச் சான்றிதழில் "ஜனவரி நடுப்பகுதி என ஊகம்" என்று எழுதியிருந்தது.

"வீட்டுல வச்சுக் கும்பிடற பெயர்ப் பலகையில இறந்த தேதி எழுதணுமாம். நடுப்பகுதின்னு எழுத முடியுமா? வருஷா வருஷம் எந்த நாள்ல நான் ஊதுவத்தி ஏத்தறது?" என்றார். "நீங்க தினமும் பார்த்து எழுதினீங்கன்னு சொன்னாங்க."

தாளைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். ஞாயிறுதோறும் அவர் டைமரை மாற்றுவதையும் சொன்னேன்.

ஜனவரி ஏழு, ஞாயிறு: 2.16. அந்த வாரம் முழுக்க 2.16. பதினாலு, ஞாயிறு: 2.22. பதினைந்து, 2.22. பதினாறு, 2.22. இருபத்தொன்று, ஞாயிறு: 2.22. இருபத்தெட்டு, ஞாயிறு: 2.22. எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'நலம்' என்று எழுதியிருந்தேன்.

கசுயோ விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"இருபத்தொண்ணாம் தேதி மாத்தலை."

"மாத்தலை."

"நீங்க அன்னிக்குக் கவனிக்கலை."

"எரிஞ்சுது. எழுதிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தேநீரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"மீன் வாங்கின ரசீது பதினாறாம் தேதி. பாக்கெட்ல இருந்துச்சு" என்றார். "அப்ப பதினாறுலேர்ந்து இருபதுக்குள்ள. நான் இருபதுன்னே போட்டுடறேன். அண்ணன் நாலு நாள் கூட இருந்ததா இருக்கட்டுமே."

"வேணாம்" என்றேன். குரல் உரக்க வந்துவிட்டது. "பதினாறே போடுங்க."

"ஏன்?"

"அன்னிக்கு வெளியே போயிருக்கார். மீன் வாங்கியிருக்கார். நல்லா இருந்திருக்கார். அந்த நாளாவே இருக்கட்டும்."

கசுயோ என் முகத்தைப் பார்த்தார். நான் தாளை மடித்தேன். அவர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பலகை செய்பவருக்குக் கொடுக்கவேண்டிய சீட்டில் ஜனவரி பதினாறு என்று எழுதினார்.